காட்டுக்கு மூத்த வீடு

வட பென்சில்வேனியாவில், கிளின்டன் கவுன்ட்டியின் அரசுக் காட்டுக்குள் ஒரு மரவீடு இருக்கிறது. 1920களின் நடுவில் கட்டியது. சுற்றிலும் ஓக், மேப்பிள், செர்ரி மரங்கள் வானத்தை மறைத்து நிற்கின்றன. முதல்முறை வருகிற எவரும், அடர்ந்த காட்டைத் திருத்தி அதன் நடுவில் இதைக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. வீடு எழும்பியபோது அங்கே காடே இல்லை. அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் பழைய படத்தில் ஏழெட்டு ஆண்கள் துப்பாக்கியோடு வாசற்படியில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மலை மொட்டையாகக் கிடக்கிறது. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளும் கருகிய புதரும்தான் தெரிகின்றன. இப்போது அதே இடத்தில் நின்றால் பத்தடிக்கு அப்பால் மலை இருப்பதே தெரியாது.

இந்த வீடு என் அலுவலக நண்பரின் குடும்பத்துக்குச் சொந்தம். அவருடைய கொள்ளுத்தாத்தா கூட்டாளிகளோடு சேர்ந்து கட்டிய வேட்டை வீடு. அந்தப் பக்கத்தில் இதைக் ‘கேம்ப்’ என்பார்கள். கூடாரம் எதுவும் கிடையாது. நாலு சுவரும் கூரையும் உள்ள வீடுதான். சில ஆண்டுகளாக அதைச் செப்பனிடும் வேலையில் நானும் வார இறுதிகளில் கூட நின்றிருக்கிறேன். இந்த ஒரு வீட்டை வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டு மாற்றத்தைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொட்டை மலையிலிருந்து தொடங்குவதுதான் சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகள் அமெரிக்காவின் மரக்கிடங்கு. முதலில் வெள்ளைப் பைன் மரங்கள் போயின. கப்பல்களின் பாய்மரத் தூணுக்கும் வீட்டுப் பலகைக்கும் அவைதான். வெட்டிய மரங்களைச் சஸ்குவெஹான்னா ஆற்றில் மிதக்கவிட்டார்கள். வில்லியம்ஸ்போர்ட் நகரத்தருகே ஆற்றின் குறுக்கே சங்கிலித் தடுப்பு போட்டுப் பிடித்து அறுத்தார்கள். பைன் தீர்ந்ததும் ஹெம்லாக் மரத்துக்கு வந்தார்கள். அதன் பட்டையில் தோல் பதனிடுவதற்கான டானின் நிறைய. தொடக்கத்தில் பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு மரத்தைக் காட்டிலேயே அழுகவிட்ட இடங்களும் உண்டு. பிறகு மலை இடுக்குகள் வரை ரயில் பாதை போட்டு, மிச்சமிருந்ததையும் இழுத்து வந்தார்கள். 1920 வாக்கில் வெட்டுவதற்கு அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. காய்ந்த கிளைகள் குவிந்து கிடந்த மலையில் ரயில் எஞ்சினின் தீப்பொறி விழுந்தால் போதும், நாள்கணக்கில் எரியும். அந்தப் பகுதிக்கே அப்போது ‘பென்சில்வேனியா பாலைவனம்’ என்று பேர்.

ஜோசப் ராத்ராக் என்ற மருத்துவர் இதைப் பார்த்துப் பொறுக்காமல் ஊர் ஊராகப் பேசினார். 1895-இல் மாநிலத்தின் முதல் வனத்துறை ஆணையர் ஆனார். யாருக்கும் வேண்டாத அந்தத் தரிசை அரசு ஏக்கருக்குச் சில டாலர் கொடுத்து வாங்கத் தொடங்கியது. முதல் நிலத்தை வாங்கியது 1898-இல், இதே கிளின்டன் கவுன்ட்டியில். இன்று பென்சில்வேனியாவின் அரசுக் காடு சுமார் 22 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி, மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் கைகழுவிவிட்டுப் போன மண்ணில் திரும்ப முளைத்தது.

வாங்கிய நிலத்தில் சிறு சிறு மனைகளை வேட்டை வீடு கட்டுவதற்குக் குத்தகைக்கு விடலாம் என்று 1913-இல் சட்டம் வந்தது. மண் அரசுக்கு, வீடு கட்டுகிறவருக்கு, ஆண்டுக்கு ஒரு சிறு வாடகை. அப்படி எழும்பியவற்றில் ஏறக்குறைய 4,000 வீடுகள் இன்றும் குத்தகையில் இருக்கின்றன. 1970-க்குப் பிறகு புதிய மனை எதுவும் கொடுப்பதில்லை.

நண்பரின் கொள்ளுத்தாத்தா ரெனோவோ ஊரில், பென்சில்வேனியா ரயில்வேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். கூட்டாளிகளும் பட்டறைக்காரர்கள்தான். பணம் கிடையாது, கைவேலை தெரியும். சுவருக்கு அவர்கள் பயன்படுத்தியது செஸ்நட் மரம். அதற்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1904-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச் சாலையில் ஒரு பூஞ்சை நோயைக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த நோய். அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கச் செஸ்நட் மரங்கள் முந்நூறு, நானூறு கோடி வரை செத்தன என்று கணக்கிடுகிறார்கள். பென்சில்வேனியா அரசு 1911-இல் தனி ஆணையமே அமைத்துப் போராடியும் நிறுத்த முடியவில்லை. செத்தும் விழாமல் நின்ற மரங்களை வெட்டி இழுத்து வந்துதான் அந்த நாளில் பலர் வீடு கட்டினார்கள். செஸ்நட் லேசில் அழுகாது. ஆகவே இந்த வீட்டின் சுவர், இனி யாருக்கும் கிடைக்காத மரம். தரையும் கைமரங்களும் ஹெம்லாக். அதுவும் பழைய காட்டின் கடைசி வெட்டில் வந்தது. மூன்று நூற்றாண்டு நின்ற மரமாகக்கூட இருக்கலாம். பலகையின் முனையில் வளையங்கள் அவ்வளவு நெருக்கம்.

சரி, மொட்டை மலையில் எதை வேட்டையாட வீடு கட்டினார்கள்? மான்தான். 1900 வாக்கில் மாநிலத்தில் வெள்ளைவால் மான் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. சந்தைக்குச் சுட்டு விற்றே தீர்த்துவிட்டார்கள். 1895-இல் ஏற்படுத்திய வேட்டை ஆணையம், 1906-இல் மிச்சிகனிலிருந்து மான்களை ரயிலில் வரவழைத்துக் காட்டில் விட்டது. அடுத்த ஆண்டு பெண் மானைச் சுடுவதற்குத் தடை வந்தது. எல்க் என்ற பெரிய மானும் அப்படித்தான். அற்றுப்போன எல்க், 1913 தொடங்கி யெல்லோஸ்டோனிலிருந்து வந்து இறங்கியது. இந்த நேரத்தில் வெட்டிய மலையெங்கும் புதுத் துளிர் கிளம்பியது. மானின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தளிர். இருபதே ஆண்டில் மான் பெருகி, தளிர் போதாமல் குளிர்காலத்தில் பட்டினியால் சாகத் தொடங்கியது. வேட்டை வீடுகளின் பொற்காலம் அந்தப் பெருக்கத்தில் பிறந்தது. மலை மொட்டையாக இருந்ததால்தான் மான்; மான் இருந்ததால்தான் வீடு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை தானே விளங்கும்.

பின்னாளில் ஆண்டின் பெரிய நாள் எது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், கிறிஸ்துமஸைச் சொல்ல மாட்டார்கள். நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமையைச் சொல்வார்கள். 1963 முதல் 2018 வரை அன்றுதான் மான் வேட்டைப் பருவம் தொடங்கும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, பட்டறையில் பாதிப் பேர் இல்லை. வெள்ளிக்கிழமையே உருளைக்கிழங்கு மூட்டை, பன்றி இறைச்சி, பீர் எல்லாம் கேம்ப் போய்ச் சேரும். எல்லோரும் சிவப்பும் கருப்பும் கட்டமிட்ட கனத்த கம்பளிக் கோட்டு போட்டிருப்பார்கள். அதை நெய்த வூல்ரிச் ஆலையும் இதே கவுன்ட்டியில்தான் இருந்தது. 1830-இல் தொடங்கிய நிறுவனம் அது. வீட்டின் கதவுக்குப் பின்னால் கொள்ளுத்தாத்தாவின் கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது. சட்டைப்பையில் ஒரு பென்சில் துண்டு இருந்தது. அதை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அந்தப் பென்சிலால் எழுதியது என்று நினைக்கிறேன், அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் யார் வந்தார்கள், பனி எத்தனை அங்குலம், யார் சுட்டார், கொம்புக்கு எத்தனை கிளை, யார் சமைத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போருக்குப் போனவர்களின் பேருக்கு நேரே இடம் காலியாக விட்டிருக்கிறது. இன்னொரு பதிவு சுவரில். மானைக் குறி தவறவிட்டவனின் சட்டையின் பின்முனையைக் கத்தரித்து, பேரும் ஆண்டும் எழுதி உத்தரத்தில் ஆணி அடிப்பது அந்தப் பக்கத்து வேட்டைக்காரர் வழக்கம். சமையலறைக்கு மேலே ஒரு வரிசைத் துணித்துண்டுகள். சாயம் போய், புகை படிந்து, எல்லாம் ஒரே பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டன. நண்பரின் தாத்தாவுடையதும் அதில் இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாக.

பெண்களுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. சொல்லி வைத்த விதியாக இல்லாவிட்டாலும் நடைமுறை அதுதான். நண்பரின் அத்தைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. சிறுமியாக இருந்தபோது ஒவ்வோர் ஆண்டும் அப்பாவின் பெட்டியைக் கட்டிக் கொடுத்து வாசலில் நின்று கையசைப்பாராம். அந்த வீட்டுக்குள் அவர் முதன்முதலாகப் படுத்துத் தூங்கியது, செப்பனிடும் வேலை தொடங்கிய பிறகு.

வீடு காலியானது ஒரே நாளில் நடக்கவில்லை. ரெனோவோ ரயில் பட்டறையை 1968-இல் மூடினார்கள். ஒரு காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் இன்று ஆயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பிட்ஸ்பர்குக்கும் பிலடெல்பியாவுக்கும் டெக்சாஸுக்கும் போனார்கள். அதைவிடப் பெரிய காரணம் காடு. தளிராக இருந்தவை மரமாகின. கிளைகள் ஒன்றோடொன்று கோத்து வெயிலை மறைத்தன. தரையில் மானுக்குத் தீனி குறைந்தது. இருந்த கொஞ்சத்தையும் மானே மேய்ந்து, புதுக்கன்று எதுவும் தலைதூக்க விடவில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேரி ஆல்ட் என்ற உயிரியலாளர், காடு பிழைக்க வேண்டுமானால் பெண் மான்களையும் அதிகம் சுட்டு மந்தையைக் குறைக்க வேண்டும் என்று வேட்டை ஆணையத்தின் சார்பில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். பெண் மானைச் சுடக் கூடாது என்ற எண்ணத்தில் வளர்ந்த வேட்டைக்காரர்கள் பலருக்கு அது பொறுக்கவில்லை. சில கூட்டங்களுக்கு அவர் குண்டு துளைக்காத உடை அணிந்து போகும் அளவுக்குக் கோபம். 2004 முடிவில் வேலையை விட்டுவிட்டார். அவர் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் மலையில் மூன்று நாள் உட்கார்ந்தும் ஒரு மானைக்கூடப் பார்க்காமல் திரும்பிய கிழவரின் மனத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். மான் இப்போது நகரத்துப் புறவழிச்சாலை ஓரமும் தோட்டங்களிலும்தான் அதிகம். வீட்டுக்குப் பக்கத்திலேயே மான் இருக்கும்போது, நாலு மணி நேரம் கார் ஓட்டி மலைக்கு யார் வருவார்கள்?

1982-இல் பென்சில்வேனியாவில் வேட்டை உரிமம் வாங்கியவர்கள் சுமார் 13 லட்சம் பேர். இன்று அது 9 லட்சத்துக்குக் கீழே. வூல்ரிச் ஆலை 2018-இல் நின்றது. மறு ஆண்டே பருவம் தொடங்கும் நாளைத் திங்களிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போகிற இளைஞர்கள் வர வேண்டும் என்பதுதான் நோக்கம். பழைய கேம்ப்காரர்களுக்கு அது பெரிய அடி. நன்றி நவிலும் நாள் விருந்து முடிந்த மறுநாளே கிளம்ப வேண்டியதாயிற்று. உணவு தூக்கிச் சேர்ப்பது, விறகு பிளப்பது, சீட்டாட்டம் என்று அந்த வார இறுதி முழுதும் நடந்த கொண்டாட்டம் போயிற்று. 1873-இல் வந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டைத் தடையைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 2025-இல் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள்.

யாரும் வராத வீடு என்ன ஆகும்? அடுப்பு எரிந்தால் வீட்டின் ஈரம் வற்றும். எரியாத வீட்டில் ஈரம் தங்கும். மேலே கவிந்த மரங்களால் கூரையில் பாசி பிடித்தது. இலைச்சருகு ஆண்டுக்காண்டு சுவரோரம் குவிந்து மண்ணாகி, அடிச்சட்டத்தைப் புதைத்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அந்த மண்ணில் தெறித்துச் சுவரை நனைத்தது. இது போதாதென்று 1950களில் யாரோ நல்லெண்ணத்தில் செய்த ஒரு காரியம். சுவர் மரங்களுக்கிடையில் இருந்த களிமண் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் வைத்திருந்தார்கள். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழுந்து, அதில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தை உள்ளுக்குள்ளேயே தின்றது. செஸ்நட் என்பதால் எழுபது ஆண்டு தாங்கியிருக்கிறது. வெளிக்கழிப்பறையின் கதவில் பாதி காணோம். முள்ளம்பன்றியின் வேலை. பிளைவுட்டில் இருக்கும் பசைக்காகவும், மனிதக் கை பட்ட உப்புக்காகவும் அது இரவெல்லாம் கொறிக்கும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று சொன்ன உறவினர்கள் இருந்தார்கள். பங்காளிகள் நாலு தலைமுறையாகப் பெருகிவிட்ட சொத்து அது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போட மாட்டார். கடைசியில் நண்பரும் அந்த அத்தையும் முன்னே நின்று எல்லோரையும் ஒரு சங்கமாகப் பதிவு செய்ய வைத்தார்கள். ஆண்டுச் சந்தா, வேலை நாள், யார் எப்போது தங்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மரவேலையைவிட இதற்குத்தான் பொறுமை அதிகம் வேண்டியிருந்தது. பழைய வீட்டைக் காப்பாற்ற நினைக்கிற எந்தக் குடும்பமும் உளியை எடுப்பதற்கு முன் இந்தக் காகித வேலையை முடித்துவிடுவது நல்லது.

பிறகு அடிச்சட்டம். சுவரின் கடைசி மரம், வீட்டின் முழு எடையும் அதன் மேல். கூரான குத்தூசியை எடுத்துக்கொண்டு ஓரம் ஓரமாகக் குத்திப் பார்த்தோம். நல்ல மரத்தில் ஊசி முனைகூட இறங்காது. அழுகினதில் பிடி வரை போகும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டினாலும் தெரியும். முற்றிய தேங்காய்க்கும் இளசுக்கும் சத்தம் வேறுபடுவது போல, கெட்ட இடம் மொத்தென்று பேசும். வடக்குச் சுவரின் அடிச்சட்டம் முழுதும் போய்விட்டது. கிழக்கில் மூலையில் மட்டும். தெற்கும் மேற்கும் நூறு ஆண்டு கழித்தும் இரும்பு.

வீட்டைத் தூக்க வேண்டும். முதலில் ஜன்னல் சட்டங்களைக் கழற்றி வைத்தார்கள், கண்ணாடி தெறிக்காமல் இருக்க. கனத்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் இருபது டன் ஜாக்கிகளை வைத்தார்கள். ஒரு சுற்று, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு உயரும். நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வீடு முனகும். உத்தரத்தில் எங்கோ ஓர் ஆணி கிரீச்சிடும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, அடுத்த ஜாக்கிக்குப் போக வேண்டும். உயர உயரத் துண்டுக் கட்டைகளை அடியில் செருகிக்கொண்டே போவார்கள், ஜாக்கி நழுவினாலும் வீடு இறங்காமல் இருக்க. அவசரப்பட்டால் சுவர்மூலையின் பொருத்து பிளந்துவிடும். மூலையில் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி கோடரியால் வெட்டிய அந்தப் பொருத்துகளை இன்று வெட்டத் தெரிந்தவர்கள் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

புதிய அடிச்சட்டத்துக்குச் செஸ்நட் கிடைக்காது. வெள்ளை ஓக் போட்டார்கள். அதுவும் ஈரத்தைத் தாங்கும். கடையில் வாங்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆமிஷ் சமூகத்தார் நடத்தும் மரஅறுவை மில்லில் சொல்லி அறுத்து வாங்கினார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வீட்டின் இரண்டுக்கு நாலு சட்டம் உண்மையிலேயே இரண்டங்குலம், நாலங்குலம். இன்றைய கடைச் சரக்கில் ‘இரண்டுக்கு நாலு’ என்பது ஒன்றரைக்கு மூன்றரை. பிற்காலத்தில் அப்படித் தரப்படுத்திவிட்டார்கள். பழைய சட்டத்துக்குப் பக்கத்தில் புதியதை வைத்தால் அரை அங்குலம் பள்ளம். தரைப்பலகை உட்காராது.

அழுகிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே அளவுக்குப் புது மரத்தைப் பொருத்துவது, நல்லதைத் தொடாமல் விடுவது என்பதைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டார்கள். மரவீடுகளைப் பேணுவது பற்றி அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை வெளியிட்டிருக்கும் கையேடும் இதையே சொல்கிறது. சிமெண்டை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்புக் கலவை வைத்தார்கள், தண்ணீர் வழிந்தோடும்படி சாய்த்து. சுவரோரம் மண்ணைத் தோண்டித் தாழ்த்தி, சரளைக்கல் நிரப்பினார்கள். கூரைக்கு மேல் கவிந்திருந்த நாலைந்து மரங்களை வனத்துறையிடம் அனுமதி கேட்டு வெட்டினார்கள். வீட்டுக்குள் இப்போது காலை வெயில் விழுகிறது.

புகைபோக்கிக்குள் கருந்தார் போல ஒரு விரல் கனம் கிரியோசோட் படிந்திருந்தது. ஈர விறகு எரித்ததன் மிச்சம். தீப்பிடித்தால் வீடே போய்விடும். அதைச் சுரண்டிவிட்டு உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கினார்கள். பழைய அடுப்பை மாற்றிப் புதியது வைத்தார்கள். கரிப்புகை எச்சரிக்கைக் கருவியும் மாட்டியாயிற்று. உயிரோடு சம்பந்தப்பட்ட இடத்தில் பழமை பார்க்கக் கூடாது என்றார் அத்தை. விளக்கு மட்டும் பழைய மாண்டில் விளக்கே. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் படித்தவர்களுக்கு அந்த உஸ் சத்தம் தெரியும்.

அதே சாலையில் இன்னொரு கேம்ப்பை முழுக்க மாற்றிவிட்டார்கள். உள்சுவரெல்லாம் ஜிப்சம் பலகை, வெளியே வினைல் தகடு, பெரிய டிவி, செயற்கைக்கோள் இணையம். சௌகரியத்துக்கு எதிராக எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சுவரைத் தட்டினால் எந்த மரமும் பேசாது. அந்த மலையில் எது நின்றது, எது செத்தது, யார் வெட்டினார் என்பதெல்லாம் பலகைக்குப் பின்னால் போய்விட்டன. மலையின் வரலாற்றுக்குச் சாட்சியாக இருந்தவை அந்தச் சுவர்கள். வெட்டிய காட்டின் கடைசித் துண்டு அருங்காட்சியகத்தில் மட்டுமல்ல, இப்படிப்பட்ட வீடுகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது. அதை மூடி மறைப்பது தவறு என்றே நான் சொல்வேன்.

இன்று அந்த வீட்டுக்கு வருகிறவர்களில் துப்பாக்கி எடுப்பவர்கள் சிலர்தான். நண்பரின் மகள் அவர்களில் ஒருத்தி. கொள்ளுத்தாத்தாவின் பேத்திகளுக்குக் கிடைக்காத கட்டில் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. முதல் பருவத்திலேயே குறி தவறி, அவள் சட்டைத்துண்டும் உத்தரத்தில் ஏறியிருக்கிறது. கட்டம் போட்ட கம்பளிக்குப் பதில் ஆரஞ்சு நிறம் என்பதால் அந்தப் பழுப்பு வரிசையில் அது மட்டும் எடுப்பாகத் தெரிகிறது. மற்றவர்கள் மலையேற, மீன் பிடிக்க, சும்மா இருக்க வருகிறார்கள். திரும்பியதும் எல்லோரும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி தேடுகிறார்கள். உண்ணி பரப்பும் லைம் நோய் இந்த மாநிலத்தில் மிக அதிகம். தாத்தா காலத்தில் இந்தப் பயம் இல்லை. 2012 முதல் மான்களுக்கு ஒரு மூளை நோயும் வந்திருக்கிறது. நோய் கண்ட பகுதிகளில் சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் பலர் இறைச்சியைச் சமைக்கிறார்கள். ஹெம்லாக் மரங்களின் ஊசியிலைக்கு அடியில் பஞ்சுப்பூச்சி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. செஸ்நட்டுக்கு நேர்ந்தது இதற்கும் நேருமோ என்ற கவலை அங்கே யாரிடம் பேசினாலும் வந்துவிடும்.

நம்மூரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் வேட்டை என்றாலே முகம் சுளிக்கலாம். 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள் நாம். நம் நாட்டுக்கு அந்தச் சட்டம் சரியானது. எனக்கும் துப்பாக்கி எடுக்க மனம் வந்ததில்லை. ஆனால் ஓநாயும் மலைச்சிங்கமும் அற்றுப்போன பென்சில்வேனியாவில் மானைக் குறைக்க வேறு வழி இல்லை. குறைக்காவிட்டால் காடு தன் கன்றுகளை இழக்கும். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி, 1937-இல் வந்த சட்டப்படி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. அங்கே வேட்டை ஆணையத்தின் வருமானத்தில் உரிமக் கட்டணத்துக்கும் முக்கிய இடம் உண்டு. உரிமம் குறையக் குறைய அந்தக் காசுக்கு என்ன வழி என்பது இன்று அவர்கள் முன்னால் இருக்கும் உண்மையான கேள்வி.

நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியாத் தமிழர்கள் பலர் விண்மீன் பார்க்கச் செர்ரி ஸ்பிரிங்ஸ் பூங்காவுக்குப் போகிறார்கள். அந்தப் பக்கம் போனால் பகல் பொழுதை வீணாக்காதீர்கள். 6-ஆம் எண் சாலையில் பென்சில்வேனியா மர அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மொட்டை மலைகளின் படங்களைப் பார்த்துவிட்டு, பிறகு ஏதாவது ஒரு வனச்சாலையில் மெதுவாகப் போங்கள். மரங்களுக்கு நடுவே கேம்ப்கள் தெரியும். வாசலில் ஆள் இருந்தால் நின்று பேசுங்கள்; வீட்டைப் பற்றிக் கேட்டால் அநேகமாக உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் போவதானால் மட்டும், குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போட்டுவிடுங்கள்.